உம்றாவுக்குப் போன செருப்பு

நான் முன்பு வேலை செய்த பட்டறையில் இப்போது இருக்கும் பிள்ளைகள் போன மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு துண்டுப் பிரசுரம் அனுப்பியிருந்தார்கள். நோயாளிகள் தங்கள் சப்பாத்தை வீட்டிலும் பயணத்திலும் எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று மூன்று மொழியிலும் அடித்திருந்தது. “தமிழைக் கொஞ்சம் பாத்துக் குடுங்க அக்கா” என்று கேட்டிருந்தார்கள். ஓர் எழுத்துப் பிழைதான் இருந்தது, திருத்தி அனுப்பினேன். ஆனால் வாசிக்க வாசிக்க ஆட்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். ‘சப்பாத்தைப் பொலித்தீன் பையில் கட்டி வைக்க வேண்டாம்’ என்ற வரியில் பன்வில செல்லம்மா வந்து உட்கார்ந்தார். ‘பயணத்தில் உங்கள் பாதணி உங்கள் கையிலேயே இருக்கட்டும்’ என்ற இடத்தில் மடவளை ஜெமீல் நானாவும் அவர் மனைவி பரீதா ராத்தாவும் வந்துவிட்டார்கள். அவர்களைப் பற்றி எழுதாவிட்டால் இரவு தூக்கம் வராது போல இருந்தது.

கண்டியில் ஓர் ஆஸ்பத்திரியோடு சேர்ந்த பாதணிப் பட்டறையில் நான் வேலை செய்தேன். அதற்கு முன்பு கட்டுகஸ்தோட்டையில் ஒரு தையல்கடையில் சட்டை தைத்துக்கொண்டிருந்தேன். துணி தைத்த கைக்குத் தோல் தைக்க வர ஒரு வருடம் பிடித்தது. அந்த வருடத்தில் ஊசி உடைத்ததையும் விரலைக் குத்திக்கொண்டதையும் தவிரச் சொல்ல ஒன்றும் இல்லை.

எங்களிடம் வருகிறவர்களில் அநேகம் பேர் சீனி வருத்தக்காரர்கள், நீரிழிவு நோயாளிகள். வருத்தம் முற்றினால் பாதத்தில் உணர்ச்சி போய்விடும். கல் குத்தினாலும் தெரியாது, தார் றோட்டில் வெந்தாலும் தெரியாது. நோகாத காலைத்தான் நாங்கள் பயந்து பயந்து பார்ப்போம். ஒரு சின்னக் கொப்புளம் புண்ணாகி, புண் எலும்புக்குப் போய், விரலை எடுத்து, பிறகு பாதத்தை எடுத்து என்று போய்க்கொண்டே இருக்கும். அது நடக்காமல் இருக்க, காலை அச்செடுத்து, அந்தக் காலுக்கென்றே மெத்தென்ற உள்தளம் வைத்துச் சப்பாத்துச் செய்து கொடுப்போம்.

பட்டறைக்குப் பொறுப்பாக இருந்தவர் தர்மலிங்கம் மாஸ்டர். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், கண்டியிலேயே தலை நரைத்தவர். நோயாளி கதிரையில் இருந்தால் மாஸ்டர் அவருக்கு முன்னால் குட்டையான முக்காலியில் இருப்பார். கழற்றிய சப்பாத்தை ஒருநாளும் நிலத்தில் வைக்கமாட்டார். மேசையில் வெள்ளைத் துணி விரித்து அதன் மேல் வைப்பார். பிறகு முகர்ந்து பார்ப்பார். முதல்முதல் அதைப் பார்த்தபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். முகர்ந்த பிறகு கையை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, நுனியிலிருந்து குதிவரை தடவுவார். அதற்குள் அவருக்குப் பாதிக் கதை தெரிந்துவிடும். நோயாளியைப் பார்த்து “ஏன் போடேல்லை?” என்று அவர் கேட்டு நான் கேட்டதில்லை. “இது வீட்டில எங்கை வைக்கிறனியள்?” என்றுதான் கேட்பார்.

செல்லம்மாவிடமும் அதைத்தான் கேட்டார். பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயத்தில் இருந்து கொழுந்து பறித்தவர் செல்லம்மா. அவருடைய பெருவிரல் புண்ணை ஆற்றிச் சப்பாத்தும் கொடுத்து அனுப்பியிருந்தோம். பல மாதம் கழித்து அதே இடத்தில் புண்ணோடு வந்தார். கையில் கொண்டுவந்த சப்பாத்து, நாங்கள் கொடுத்த அன்று இருந்தது போலவே புதிதாக இருந்தது. மாஸ்டர் முகர்ந்துவிட்டு என்னிடம் நீட்டினார். பூச்சி உருண்டை வாசம்.

“இது வீட்டில எங்கை வைக்கிறனியள், அம்மா?”

“அலுமாரிக்குள்ளதாங்க ஐயா. கூறச் சீலையோட வச்சிருக்கேன். தூசி படாம பைக்குள்ள சுத்தித்தான் வச்சிருக்கேன்.”

“நல்லா வைச்சிருக்கிறியள். எப்ப போடுறனியள்?”

செல்லம்மா என்னைப் பார்த்தார். “மலைக்குப் போறப்ப சேறு அப்பிக்கும். லயத்துல போட்டா, என்னாடி தொரசானி மாதிரிங்கிறாளுக. பேரப்புள்ளைக்குக் காது குத்து வருது. அன்னைக்குப் போடலாம்னு…”

மாஸ்டர் சப்பாத்தின் அடியை இரண்டு கையாலும் பிடித்து மெல்ல வளைத்தார். அடித்தளம் பழைய பாண் ரொட்டித் துண்டு மாதிரிப் பிளந்து, மேசைத் துணியில் தூளாகக் கொட்டியது. சில வகை அடித்தளம் போட்டு நடந்தால் பல காலம் இருக்கும். ஈரத்தோடு கட்டி அடைத்து வைத்தால் போடாமலே உக்கிப்போகும். உள்ளே தோலில் பச்சையாகப் பூஞ்சணமும் பிடித்திருந்தது. செல்லம்மா தூளைக் கையால் கூட்டி அள்ளப் பார்த்தார். “நான் பத்திரமாத்தானே வச்சிருந்தேன்” என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

“ஓம் அம்மா. பத்திரமாத்தான் வைச்சிருந்தனியள். அதுக்கு மூச்சு விட ஏலாமல் போச்சு” என்றார் மாஸ்டர்.

அன்று அவர் செல்லம்மாவுக்கு இரண்டு சோடி செய்யச் சொன்னார். ஒன்று கறுப்பு, தடித்த றப்பர் அடி, கழுவித் துடைக்கக் கூடியது, பார்க்க ஒரு அழகும் இல்லாதது. “இது சேத்துக்கு. இதைப் போட்டால் ஒருத்தரும் துரைசாணி எண்டு சொல்லமாட்டினம்” என்றார். மற்றது நல்லது. அதையும் வாரத்துக்கு ஒருநாளாவது போட்டு நடக்க வேண்டும், போட்ட பிறகு பழைய பேப்பரைக் கசக்கி உள்ளே அடைத்து, அடுப்புப் பக்கம் இல்லாமல், காற்றுப் படும் பலகையில் வைக்க வேண்டும். காலையில் போட முன்பு தட்டிக் கொட்டி, கையை விட்டுப் பார்க்க வேண்டும். சோடாப் போத்தல் மூடியோடு ஒரு நாள் முழுக்க நடந்தவர்கள் எங்களிடம் வந்திருக்கிறார்கள். செல்லம்மாவின் புண் ஆறியது. காது குத்துக்கு நல்ல சோடியோடு நின்றார் என்று அவர் மகள் போட்டோ காட்டினாள்.

ஜெமீல் நானா வந்தது அதற்குப் பல வருடம் கழித்து. மாஸ்டருக்கு அப்போது வேலையில் கடைசி வருடம். மடவளை பஸாரில் ஃபேன்ஸி சாமான் கடை வைத்திருந்தார் நானா. பெரிய உடம்பு, பெரிய குரல், ஒரு இடத்தில் நிற்கமாட்டார். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசலை விட்டு வெளியே வந்தபோது யாரோ அவர் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போயிருந்தார்கள். தேடிக்கொண்டு நிற்கப் பொறுமையில்லாமல் வெறுங்காலோடு பகல் வெயிலில் கடைக்கு நடந்தார். நோகவில்லை. அதனால் ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்தார். அந்தக் கொப்புளத்தில் தொடங்கி வலது காலில் பெருவிரலும் அடுத்த விரலும் போயின. வெட்டிய இடம் ஆறுவதற்குள் ராத்தா பாதியாக இளைத்துவிட்டார் என்று வார்ட்டில் சொல்வார்கள்.

கால் ஆறி, எங்கள் செருப்போடு ஒழுங்காக நடந்துகொண்டிருந்த மனிதர் ஒருநாள் மனைவியோடு வந்தார். பிள்ளைகள் சேர்ந்து தாய் தகப்பன் இரண்டு பேரையும் உம்றா யாத்திரைக்கு அனுப்பப் போகிறார்களாம்.

“டொக்டர் வீல்செயார்ல போவச் செல்றார் மிஸ். நான் நடந்துதான் போவன். இவ்வளவு தூரம் பொயித்து, அல்லாட வீட்டெ உருட்டிக்கிட்டா சுத்துறது?”

“வீல்செயார்ல போனாலும் நன்மெதான் எண்டு மௌலவி சென்னாரே” என்றார் ராத்தா.

“நன்மெ கெடெக்கும். ஆசெ தீராதே.”

டொக்டர் கோபிக்கவில்லை. வெறுங்கால் நிலத்தில் படவே கூடாது, அதற்குப் பட்டறையில் ஒரு வழி செய்தால் தான் தடுக்கமாட்டேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார். மாஸ்டர் நானாவின் பாதத்தைத் தன் முழங்காலில் தூக்கி வைத்துக்கொண்டு நிறைய நேரம் பார்த்தார். “செய்வம்” என்றார்.

எனக்கு உம்றாவைப் பற்றி ஒன்றும் தெரியாது. ராத்தாதான் பொறுமையாகச் சொல்லித் தந்தார். இஹ்றாம் என்ற தைக்காத வெள்ளைத் துண்டு உடுத்தியிருக்கும்போது ஆண்கள் விரலையும் குதியையும் மூடுகிற சப்பாத்துப் போடக்கூடாது. பள்ளிக்குள் வெளிச் செருப்போடு போக முடியாது. அல்லாவின் வீடான கஃபாவை ஏழு தடவை சுற்றி வர வேண்டும், பிறகும் நடை இருக்கிறது, எல்லாம் பளிங்குத் தரை. எங்கள் செருப்போ குதியில் வார் இல்லாவிட்டால் நானாவின் காலில் நிற்காது. ராத்தா மௌலவியிடம் போய்க் கேட்டு வந்தார். நோயாளிக்கு மார்க்கத்தில் இடம் இருக்கிறது, அதற்குப் பரிகாரமாக ஏழைகளுக்குச் சாப்பாடு கொடுத்தால் போதும் என்று சொல்லியிருந்தார். அதைக் கேட்டு மாஸ்டருக்கு முகம் மலர்ந்தது. வார் வைக்க அனுமதி கிடைத்ததுதான் காரணம்.

புதிதாக அச்செடுத்தோம். மேலே மென்மையானது, நடுவில் காலின் வடிவத்துக்கு அமுங்குவது, கீழே அமுங்காதது என்று மூன்று படையாக உள்தளம் வைத்தோம். விரல் போன இடத்தில் ஓர் அணை. ஒரே மாதிரி இரண்டு சோடி வெளிச் செருப்பு, அதோடு வெளித்தரையே தொடாத ஒரு மெல்லிய உள்செருப்பு, அது பள்ளிக்குள் மட்டும். புதுச் செருப்போடு யாரையும் பயணம் அனுப்பமாட்டோம். முதல்நாள் வீட்டுக்குள் கொஞ்ச நேரம் போட்டுக் கழற்றி, சிவப்பு இருக்கிறதா என்று ராத்தா பார்ப்பார். மறுநாள் இன்னும் கொஞ்சம். இப்படி மடவளையிலேயே மூன்று சோடியும் காலுக்குப் பழகின.

பயணத்துக்கு மாஸ்டர் சொன்னவை இவ்வளவுதான். ஒரு சோடி காலில், மற்றவை கையில், பெட்டியில் போட்டு விமானத்தின் வயிற்றுக்குள் அனுப்பக் கூடாது. வெயிலில் நிற்கும் பஸ்ஸில் விட்டுப் போகக் கூடாது, பசை இளகிவிடும். பள்ளி வாசலில் செருப்பு அடுக்கும் றாக்கையில் வைக்கவே கூடாது. விமானத்தில் கால் வீங்கினால் வாரைத் தளர்த்தலாம், கக்கூஸுக்குப் போக எழும்பினாலும் செருப்போடுதான் எழும்ப வேண்டும். ஒவ்வொரு நாளும் ராத்தா கால் அடியைப் பார்க்க வேண்டும்.

காற்றுப் போகிற பருத்தித் துணியில் தோளில் மாட்டும் பை தைத்தேன். “ரெண்டாத் தையுங்கோ பிள்ளை. அவரவர் கையில ஒண்டு” என்றார் மாஸ்டர். தைத்துக் கொடுத்தேன். நானா தன் பையைத் தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்த்தார்.

“பொம்புளெப் புள்ளெட பேக் மாதிரி ஈக்கி” என்று சிரித்து, இரண்டையும் மனைவியிடம் கொடுத்துவிட்டார். ராத்தா ஒன்றை வலத் தோளிலும் ஒன்றை இடத் தோளிலும் மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

அவர்கள் போன பிறகு எனக்கு வேலையில் மனம் நிற்கவில்லை. ராத்தா வாட்ஸ்அப்பில் ஒவ்வொரு நாளும் நானாவின் கால் படத்தை அனுப்புவார். நான் அதை மாஸ்டருக்குக் காட்டுவேன். ஒருநாள் மட்டும் படம் வரவில்லை. மறுநாள் படத்தோடு ராத்தாவின் குரலும் வந்தது. அழுது அடைத்த குரல். அன்று நடந்ததை அவர்கள் திரும்பி வந்து இரண்டு பேருமாகச் சொன்னபோதுதான் எனக்கு முழுதாக விளங்கியது.

பின்னேரம் அசர் தொழுகை நேரம், பள்ளி வாசலுக்கு உள்ளே ஓரமாக நானாவை உட்கார வைத்து, வெளிச் செருப்பைக் கழற்றிப் பையில் போட்டிருக்கிறார் ராத்தா. மற்றப் பையைத் திறந்து உள்செருப்பை எடுப்பதற்குள், ஒருவர் கையை ஒருவர் கோத்துக்கொண்டு ஒரு பெரும் கூட்டம் உள்ளே வந்தது. ராத்தா எழுந்து ஒதுங்கினார். கூட்டம் அவரையும் அள்ளிக்கொண்டு போயிற்று. காவலர்கள் பெண்களை வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள். இரண்டு பையும் அவர் தோளில். நானாவின் போனும் அந்தப் பைக்குள்தான். எல்லா வாசலும் ஒரே மாதிரி இருந்தனவாம்.

“எனக்கு மனுசன்ட கொணம் தெரியும் தங்கச்சி. ஒரு எடத்துல நிக்கிற மனுசனில்ல. எறங்கி வெறுங்காலோட சுத்தத் தொடங்கீப்பார் எண்டுதான் நெனச்சன். சனத்துக்குள்ள எல்லாருட காலெயும் பாத்துப் பாத்துத் திரிஞ்சன். மொகத்தெப் பாக்கல்ல, காலெத்தான் பாத்தன்.”

நானா எங்கும் போகவில்லை. கண்ணுக்கு எதிரே கஃபா தெரிந்ததாம். எத்தனையோ வருட ஆசை, எழுந்து நடந்தால் போய்விடலாம். ஒரே பயணக் குழுவில் கூடப் போனவர்கள் வந்து கூப்பிட்டார்கள், ராத்தாவின் போனுக்கு எடுத்தும் கிடைக்கவில்லை. ஒருவர் தன்னுடைய றப்பர் செருப்பைக் கொடுத்தார். பெருவிரல் இல்லாத காலில் அது நிற்காது. காவலர் வந்து எழும்பச் சொன்னபோது காலை மூடியிருந்த துண்டை விலக்கி வெட்டிய இடத்தைக் காட்டினார். காவலர் போய், ஒரு கோப்பை புனித ஸம்ஸம் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பொழுது பட்டதும் மஃரிப் தொழுகைக்கு வாங்கு சொன்னார்கள், உட்கார்ந்தபடியே தொழுதார். இரவுத் தொழுகையான இஷாவும் அப்படியே.

“வெறுங்காலோட போவ மனசு துடிச்சிச்சி மிஸ். ஆனா இவ தேடிக்கிட்டு வருவா எண்டு தெரியும். வந்து பாக்கக்கொள்ள நான் இந்த எடத்துல இல்லாட்டி, அவட நெலமெ என்ன? போன தடவெ என்ட காலெப் பாத்தது அவதானே. டொக்டர்மார் மருந்து கட்டினாங்க, இரவிரவா புண்ணெ மொகர்ந்து பாத்தது அவ.”

இஷா முடிந்து கூட்டம் கலைகிற நேரம் ராத்தா அந்த வாசலைக் கண்டுபிடித்தார். கணவர் விட்ட இடத்திலேயே, இரண்டு காலையும் மடித்துத் துண்டின் மேல் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தார். ராத்தா அவர் முன்னால் குந்தி, உள்செருப்பை எடுத்து, கையை விட்டுப் பார்த்து, காலில் மாட்டி வாரை இழுத்துவிட்டார். பிறகுதான் இரண்டு பேரும் அழுதார்கள். அதற்குப் பிறகு, ஆறுதலாக, கூட்டத்துக்கு வெளி ஓரமாக, ஏழு சுற்றும் சேர்ந்து நடந்தார்கள்.

திரும்பி வந்த அன்று காலை பட்டறை வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. கூரையில் பெட்டிகள், உள்ளே பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாக நிறைந்திருந்தார்கள். கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போகாமல் நேரே வந்திருக்கிறார்கள். நானா இறங்கி, “வீட்டுக்குப் போவமெண்டா உடுறாளில்ல, இங்கதான் போகணுமாம்” என்று சிரித்தபடி வந்தார். ராத்தாவின் முகத்தில் இரத்தமே இல்லை. என் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப் போனார்.

“வேன்ல அவர்ட வாரெத் தளர்த்தக் குனிஞ்சன் தங்கச்சி. கால் மேஸ்ல ஈரம். மண்ணெறமா, பெரிசா. அவருக்கிட்டச் செல்லல்ல. கடைசி ரெண்டு நாளும் பஸ்ஸுலயும் ப்ளேன்லயும் அலைஞ்சதுல காலெப் பாக்கக் கெடெக்கல்ல.”

நான் மாஸ்டரைக் கூப்பிட்டேன். மாஸ்டர் நானாவை உட்கார வைத்து, முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, வெள்ளைத் துணியை விரித்தார். வாரைக் கழற்றிச் செருப்பை என்னிடம் தந்துவிட்டு காலுறையை மெதுவாக உரித்தார். அது பாதத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அப்போதுதான் நானாவுக்கு விளங்கியது. சிரிப்பு நின்றுவிட்டது. காலைப் பார்க்காமல் மனைவியையே பார்த்தார். ராத்தா கண்ணை இறுக மூடிக்கொண்டு ஓதத் தொடங்கினார்.

மாஸ்டர் ஈரப் பஞ்சால் துடைத்தார். அடிப் பாதத்தின் குழிந்த பக்கத்தில் நீளமாக ஒரு சிவப்புத் தடம் இருந்தது. தோல் முழுசாக இருந்தது. விரலால் அழுத்தினார், வெளுத்துத் திரும்பவும் சிவந்தது. நான் செருப்புக்குள் கையை விட்டேன். பிசுபிசுவென்று ஒட்டியது. அதற்குள் கடினமாக ஏதோ தட்டுப்பட, எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். நசுங்கிய பேரீச்சம்பழம். கொட்டை, எடை விழாத அந்தக் குழிக்குள் போய் இருந்திருக்கிறது. ஒரு விரலளவு முன்னால் இருந்திருந்தால் நிச்சயமாகப் புண்தான்.

“ராத்தா, கண்ணத் தொறங்க. ரத்தமில்ல. பேரீச்சம்பழம்.”

அவர் கண்ணைத் திறந்து என் கையைப் பார்த்தார், கணவரின் பாதத்தைப் பார்த்தார், மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் தலையாட்டினார். “ஒண்டுமில்லை. இண்டைக்கு முழுக்கக் கால் நீட்டி இருக்கட்டும். நாளைக்கு ஒருக்கால் கொண்டு வாங்கோ.”

ராத்தா கணவரின் தோளில் ஓங்கி ஓர் அடி போட்டார். “செருப்புப் பைக்குள்ள பழம் போட்டது யாரு?”

நானா தோளைத் தடவிக்கொண்டார். அந்த வாசலில் பிரிந்த நாளிலிருந்து ஒரு பையை அவர் தானே சுமந்து வந்திருக்கிறார். விமானத்தில் கால் வீங்கவும் போட்டிருந்ததைக் கழற்றி, பையிலிருந்த மற்றச் சோடியை அவசரத்தில் பார்க்காமல் மாட்டிக்கொண்டார்.

“நான்தான் போட்டன்” என்றார். அந்தப் பெரிய குரல் அன்று வெளியே வரவில்லை. “அண்டைக்கு நீ அசர்லேந்து ஒண்டும் தின்னாமத் திரிஞ்சாய்தானே. திரும்பவும் எங்கயாச்சும் தவறினா, உனக்குக் குடுக்கலாமெண்டு வச்சன்.”

ராத்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அந்தக் கதிரைக்குப் பக்கத்தில் நிலத்திலேயே உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. வேனில் காத்திருந்து பொறுமை கெட்ட மகள், என்ன நடந்தது என்று கேட்டபடி உள்ளே வந்தாள். பட்டறைக்காரர்களுக்குக் கொடுப்பதற்காக அவள் கையில் ஒரு பெட்டி பேரீச்சம்பழம் இருந்தது.